ஃபோல்டரைப் பூட்டித் தர்றேன்னு 18,000 ரூபாய் வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க: லேப், ஸ்டுடியோ வச்சிருக்கிறவங்க படிங்க

18,000 ரூபாய் போச்சு. வயிறு எரியுது. கோர்வையா எழுத வரல, பொறுத்துக்கோங்க.

தருமபுரியில கல்யாண ஆல்பம் பிரிண்ட் போடுற லேப் வச்சிருக்கேன். அரூர், பாலக்கோடு, பென்னாகரம்னு சுத்துப்பட்டு ஸ்டுடியோக்காரங்க எங்க லினக்ஸ் சர்வர்லதான் போட்டோ ஏத்துவாங்க. ஆளுக்கொரு லாகின். யாரும் அவங்க ஹோம் ஃபோல்டரைத் தாண்டி வெளிய போகக் கூடாது, அடுத்தவங்க படத்தைப் பார்க்கக் கூடாது. நான் கேட்ட வேலை இது ஒண்ணுதான்.

ஃப்ரீலான்ஸ் ஆளுங்களைப் பிடிச்சுத் தர்ற ஒரு தளத்துல ஒருத்தன் வந்தான். நல்ல ரேட்டிங். தன்மையா பேசினான், "நமக்கும் சேலம் பக்கம்தாங்க சார்"னான். வேலை முடிச்சு வீடியோ கால்ல காட்டினான். புட்டி (PuTTY)ன்னு கட்டளை அடிச்சு சர்வரை இயக்குற புரோகிராம்ல லாகின் பண்ணி, cd-ன்னு அடிச்சு ரெண்டு புள்ளி வச்சு (ஒரு ஃபோல்டர் மேல போற கட்டளை) என்டர் தட்டினான். கறுப்புத் திரையில "ரெஸ்ட்ரிக்டட்"னு வந்து நின்னுச்சு. "பார்த்தீங்களா சார், வாசப்படி தாண்ட முடியாது." கண்ணால பார்த்தப்புறம் யார்தான் சந்தேகப்படுவாங்க? வேலை முடிஞ்சதுன்னு தளத்துல ஒத்துக்கிட்டேன், 18,000 அவன் கைக்குப் போயிடுச்சு.

ஆவணி முகூர்த்த நேரத்துல அரூர்ல இருந்து போன். "அண்ணா, வின்எஸ்சிபில மேல ஏறிப் போனா பாலக்கோட்டுக்காரர் போட்டோ எல்லாம் தெரியுதே, இறக்கக்கூட முடியுதுண்ணா." வின்எஸ்சிபின்னா (WinSCP) சர்வர்ல ஃபைல் ஏத்தி இறக்குற புரோகிராம். பொண்ணுக்கு நலங்கு வச்ச படம், வீட்டுக்குள்ள எடுத்த படம், அத்தனையும். பாலக்கோட்டுக்காரர் அன்னைக்கே கணக்கை முடிச்சுக்கிட்டார். அவர்கிட்ட என்னன்னு பதில் சொல்றது?

அவனைக் கேட்டா, முதல்ல "வின்எஸ்சிபி பழசு சார், அப்டேட் பண்ணுங்க." அப்புறம் "உங்க நெட் பிரச்சினை." கடைசியா, "எஸ்எஃப்டிபி தனி வேலை சார், இன்னும் 6,000 ஆகும்." (எஸ்எஃப்டிபிங்கிறது வின்எஸ்சிபி மாதிரி புரோகிராம் ஃபைல் ஏத்தி இறக்குற வழி.) அதுக்கப்புறம் மெசேஜைப் பார்க்கிறான், பதிலே கிடையாது. தளத்துக்காரங்களோ, ஆர்டர் நிறைவடைந்தது, பணம் திரும்பத் தர இயலாதுங்கிற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புறாங்க. 18,000 அவங்களுக்கு ஒரு வரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன்.

ஓசூர்ல வேலை பார்க்கிற மச்சான் வந்து சர்வரைத் திறந்து பார்த்தான். அந்த ஃப்ரீலான்ஸ் ஆளு செஞ்சதெல்லாம் ரெஸ்ட்ரிக்டட் ஷெல் (கட்டளை அடிக்கிற இடத்துல மட்டும் தடை) போட்டதும், எஸ்எஃப்டிபியை சர்வர் புரோகிராமுக்குள்ளேயே ஓடுற இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்கு மாத்தினதும்தான். அந்த வழியில ஷெல்லே குறுக்க வராது, பூட்டு புட்டியில மட்டும்தான். எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் (sshd_config)ங்கிற லாகின் அமைப்பு ஃபைல்ல சிஎச்ரூட் டைரக்டரின்னு (ChrootDirectory, ஆளை ஒரு ஃபோல்டருக்குள்ளேயே அடைக்கிறது) ஒரு வரி வேணும், அது இல்லவே இல்ல. இந்த லாகினையெல்லாம் பார்த்துக்கிற ஓபன்எஸ்எஸ்எச் புரோகிராம்ல 2008-லயே வந்த வசதி! மச்சான் அரை மணி நேரத்துல முடிச்சான்.

உங்களுக்குச் சொல்றது இதுதான். புட்டியில காட்டினா நம்பாதீங்க, ஃபைல்ஸில்லாவோ வின்எஸ்சிபியோ திறந்து நீங்களே மேல ஏறிப் பாருங்க. சிஎச்ரூட் பண்ற ஃபோல்டர், அதுக்கு மேல இருக்கிறது எல்லாம் ரூட் (சர்வரோட தலைமை லாகின்) பேர்ல இருக்கணும், வேற யாருக்கும் எழுதுற அனுமதி கூடாது, இல்லன்னா லாகினே ஆகாது. போட்டோ ஏத்த உள்ள தனி ஃபோல்டர் போட்டுக் கொடுங்க. டிசிபி ஃபார்வர்டிங்கையும் (அந்த லாகின் வழியா வேற இணைப்புகளைக் கடத்துற வசதி) நிறுத்தச் சொல்லுங்க. சோதிச்சுப் பார்க்காம வேலை முடிஞ்சதுன்னு அமுக்காதீங்க. மீதியை அப்புறம் எழுதுறேன், பென்னாகரத்துக்காரர் லைன்ல இருக்கார்.