ஏரி தெரியும் என்று சொன்ன கேபின்: ஹாமில்டன் கவுண்டியில் மூன்று இரவு

கேபினின் பெயரை எழுதப்போவதில்லை. நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கவுண்டியில் 2020 கணக்கெடுப்புப்படி இருப்பது 5,107 பேர். மாநிலத்திலேயே ஜனம் குறைந்த கவுண்டி. கூரை என்ன நிறம் என்று சொன்னாலே யார் வீடு என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால், ப்ளூ மவுண்டன் லேக் பக்கத்தில் ஒரு வாடகைக் கேபின் என்பதோடு விடுகிறேன்.

ஜூன் இரண்டாம் வாரம் போனோம். நான், மனைவி, ஆறாம் வகுப்புப் பையன், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. அப்பா கன்னியாகுமரி மாவட்டத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த இடம் அழகாக இருக்கிறதா என்பதைவிட யார் பேரில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். நியூஜெர்சியிலிருந்து ஐந்தரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் சிக்னல் விளக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, போன் சிக்னலும் போய்விட்டது. வழியை முன்பே காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதால் தப்பித்தோம்.

முதல் குறை. விளம்பரத்தில் 'ஏரி தெரியும் வராந்தா' என்று போட்டிருந்தார்கள். தெரிந்தது இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மினுமினுப்பு. அந்தப் படம் இலை உதிர்ந்த நவம்பரில் எடுத்தது என்று உரிமையாளர் அம்மா கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். மரத்தை வெட்டலாமே என்றேன். ஏரிக்கரையிலிருந்து 35 அடிக்குள் இருக்கும் பெரிய மரங்களில், பத்து வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வெட்டக்கூடாதாம். 1971இல் வந்த அடிராண்டாக் பார்க் ஏஜென்சியின் விதி; இந்த மலைக்காட்டுப் பகுதியில் நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் மாநில அமைப்பு அது. சொந்த மனையிலேயே இப்படி. சரி, சட்டம் அவர் கையில் இல்லை, படம் அவர் கையில்தானே இருந்தது? அரை நட்சத்திரம் குறைத்துக்கொண்டேன். ஏரி வேண்டுமென்றால் நாற்பது படி இறங்கினால் போதும். கரையில் ஒரு சின்ன மரத்தளமும் இரண்டு கனூ படகும் இருக்கின்றன. அதற்குத் தனிக் காசு இல்லை.

சமையலறையில் நான்கு அடுப்பு, மூன்றுதான் எரியும். கத்தி தக்காளியை நசுக்குமே ஒழிய வெட்டாது. கிணற்றுத் தண்ணீரில் லேசாக இரும்பு வாடை. குளிக்கும்போது அது தெரியவில்லை, ஆனால் காபி டிகாஷனில் முதல் வாய்க்கே தெரிந்தது. குக்கரும் காபிப் பொடியும் கொண்டு போன நாங்கள் குடிக்கத் தண்ணீர் கேன் கொண்டு போகவில்லை. நல்ல மளிகைக் கடை இந்தியன் லேக் ஊரில். ஒரு கேன் தண்ணீருக்குப் போக பதினெட்டு கிலோமீட்டர், வர பதினெட்டு.

இரண்டாம் நாள் காலை பம்ப் நின்றுவிட்டது. அந்த அம்மாவே ஸ்பேனரோடு வந்தார், வேறு யாரைக் கூப்பிட்டாலும் வர மத்தியானம் ஆகும் என்று. எழுபது வயசு இருக்கும். அவர் பம்ப் அறையில் மண்டியிட்டிருக்க, பக்கத்தில் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் யாருக்க பேருல இருக்கு மக்கா? கேளு அவங்ககிட்ட."

அங்கே தொடங்கியதுதான். கவுண்டியின் பரப்பு ஏரிகளோடு சேர்த்துச் சுமார் 4,700 சதுர கிலோமீட்டர். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டேமுக்கால் மடங்கு. எங்கள் பக்கம் 2011 கணக்கில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர், இங்கே ஐயாயிரத்துச் சொச்சம். அப்பாவால் அதை நம்பவே முடியவில்லை. "ஒரு சைபர் விட்டுட்டாங்களோ?" என்றார். அதிலும் பாதிக்கு மேல் வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் வீடுகள்.

நிலத்தில் பெரும்பகுதி மாநில அரசின் காடு. மரவியாபாரிகள் மலையை மொட்டையடித்தால் ஹட்சன் ஆற்றில் தண்ணீர் வற்றும், ஈரி கால்வாயில் படகு ஓடாது என்ற பயத்தில் 1885இல் அரசு காட்டை ஒதுக்கியது. 1894இல் அதை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்: இந்த நிலம் என்றென்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும், மரத்தை விற்கக்கூடாது. கேபினுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் அதே கதைதான். பாசி பிடித்து, அதன் முதுகிலேயே விரல் உயரத்துக்குப் புதுக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. அப்பா குனிந்து பார்த்து எண்ணினார். பதினேழு.

"அப்போ மொத்தமும் புறம்போக்கு. பஞ்சாயத்துக்கு வருமானம்?" அரசே தன் காட்டுக்கு உள்ளூர் வரி கட்டுகிறது, 1886 முதல். இதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷம் வரி வசூலித்த மனிதர்.

அதைவிட அவரை உட்கார வைத்தது பக்கத்து ராக்கெட் லேக் விவகாரம். 1771இல் மோஹாக் மக்களிடமிருந்து டாட்டன், கிராஸ்ஃபீல்ட் என்ற இரண்டு கப்பல் கட்டுபவர்கள் பேரில் வாங்கப்பட்ட பெரும் நிலப்பரப்பில் நாற்பதாம் எண் டவுன்ஷிப், அதாவது நிலப் பிரிவு, அது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட மனைகள் அரசுடையதா, குடியிருப்பவருடையதா என்று நூறு வருஷத்துக்கும் மேலாக இழுபறி. சாசனத்தில் எழுதிய நிலம், கலெக்டர் கையெழுத்தில் தீருமா? கடைசியில் 2013 நவம்பரில் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டுத்தான் தீர்த்தார்கள். நியூயார்க் நகரத்து பிராங்க்ஸில் இருப்பவர் ராக்கெட் லேக்கில் ஒருவருக்குப் பட்டா கொடுக்கலாமா என்று ஓட்டுப் போட்டிருக்கிறார். அப்பா அன்று முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பம்ப் ஓடியது. வாடகையில் ஒரு நாள் காசைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் அந்த அம்மா, நாங்கள் பாதி மட்டும் ஒத்துக்கொண்டோம்.

அன்று ராத்திரி இடியும் மழையும். ஏழரைக்குப் போன கரண்ட் பதினொன்றுக்குத்தான் வந்தது. மெழுகுவத்தி டிராயரில் தயாராக இருந்தது, அதற்கு ஒரு புள்ளி கூட்டுகிறேன். மேஜையில் அந்த அம்மா வைத்திருந்த ஃபைலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பையன் சத்தமாகப் படித்தான். உலகத்திலேயே எல்லா அறைகளுக்கும் மின்விளக்கு போட்ட முதல் ஹோட்டல் 1882இல் இதே ஏரிக்கரையில் திறந்த ப்ராஸ்பெக்ட் ஹவுஸ்தானாம். இப்போது அது இல்லை. நாங்கள் இருட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் ஏரியில் லூன் பறவை கூப்பிட்டது. ஆள் அழுவது மாதிரி இருக்கும். மனைவி ஜன்னலைச் சாத்தினாள், அப்பா திறக்கச் சொன்னார்.

பக்கத்திலேயே அடிராண்டாக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகம். தவறவிடாதீர்கள், அரை நாள் ஒதுக்குங்கள். தோளில் நுகம் மாதிரி மாட்டித் தூக்கிக்கொண்டு ஏரிவிட்டு ஏரி நடக்கும் கைடுபோட் படகுகள் அங்கே நிறைய உண்டு, விலா எலும்பாக வளைந்திருப்பது ஸ்ப்ரூஸ் வேர். நோவா ஜான் ராண்டோ என்ற காட்டுத் துறவியின் குடிசையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தான் இருந்த இடத்துக்கு 'கோல்ட் ரிவர் நகரம், மக்கள்தொகை 1' என்று பேர் வைத்துத் தானே மேயராக இருந்தவர். அப்பாவுக்கு அந்தக் கணக்கில் மட்டும் சந்தேகமே வரவில்லை.

கருப்பு ஈயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொசு மாதிரி சத்தம் போடாது, கடிப்பதும் தெரியாது. காதுக்குப் பின்னால் ஈரமாக இருக்கிறதே என்று தொட்டால் ரத்தம். அப்பாவுக்கு ஒரு காதில் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. மே கடைசியிலும் ஜூனிலும் போவதென்றால் தலைக்கு வலைத்தொப்பி வேண்டும். ஆகஸ்டில் தொல்லை குறைவு.

ஐந்துக்கு நான்கு. தூங்குமிடம் சுத்தம், படுக்கை நல்ல படுக்கை, போர்வை போதும். வைஃபை இருப்பதாகச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். குப்பையை வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். நாங்கள் சாம்பார் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வாசலில் ஊற்றவில்லை. தண்ணீர் கேன் இரண்டு, நல்ல கத்தி ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் கொண்டு போன கத்தியை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தோம், அடுத்துப் போகிறவர்களுக்குத் தக்காளி வெட்ட வரும்.