அடைச்சு முடிச்ச வீட்டு லோன்ல வட்டி அதிகமா வாங்கிருக்காங்களானு பாத்துத் தர்ற மதுரை சிம்மக்கல் மாடி ஆபீஸ் - போகலாமா?

லோன் முடிஞ்சு பத்திரம் கைக்கு வந்துட்டா ஃபைலைக் கட்டிப் பரண்ல போட்டுருவோம், அதை எறக்கி வட்டியெல்லாம் சரியாத்தான் போட்டாங்களானு வரி வரியா பாக்குறதுக்குன்னே ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தரு சிம்மக்கல் பக்கம் மாடி ரூம்ல உக்காந்திருக்காரு. பீஸ் 2,500, முன்னாடியே கட்டிரணும், ஒண்ணும் தேறலைன்னா பாதி திருப்பித் தர்றாரு. கெடைக்கிறதுல 30 பர்சென்ட் குடுனு கேக்குற புரோக்கருங்களுக்கு இது எவ்வளவோ தேவல.

சாங்ஷன் லெட்டர் (லோன் குடுக்குறோம்னு பேங்க் தந்தது), அக்ரிமெண்ட், க்ளோஷர் லெட்டர் (லோன் முடிஞ்சுதுன்னு தந்தது), மொதல் மாசத்துல இருந்து முழு ஸ்டேட்மெண்ட் எல்லாம் வேணும். நான் கிரையப் பத்திரத்தையும் கொண்டு போனேன், அதுலதான் மேட்டரே சிக்குச்சு. 2014ல எடுத்த 18 லட்சம், பத்தரை வட்டி. பேங்க் செக் எழுதுன தேதியில இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிருச்சு, ஆனா செக் கை மாறுனது பத்திரம் பதிஞ்ச அன்னைக்குத்தான், நடுவுல ஒம்போது நாள். மனுசன் கால்குலேட்டர்கூட எடுக்காம 4,660 ரூபான்னாரு, வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன், சரியா வந்துச்சு. அது போக நான் 7ம் தேதி மொத்தமா கட்டி க்ளோஸ் பண்ணிருக்கேன், வட்டியை மாசக் கடைசி வரைக்கும் புடிச்சிருக்காய்ங்க. இந்த ரெண்டையுமே தப்புன்னு 2024 ஏப்ரல் 29ம் தேதி ரிசர்வ் வங்கி சர்க்குலரே போட்டிருக்காம், காப்பி எடுத்து ஃபைல்ல சொருகிக் குடுத்துட்டாரு.

எனக்குப் புடிச்சது என்னன்னா இல்லாததை இருக்குன்னு சொல்லல. கூட வந்த மச்சான் 2020ல ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி, 4 பர்சென்ட்டுக்கு எறங்குனப்ப என் வட்டி எறங்கவே இல்லையே சார், அதையும் கேளுங்கன்னு ஒரே புடியா நின்னாப்ல. "மாப்ள, உங்களுது பழைய பேஸ் ரேட் லோன், பேங்கே வச்ச அடிப்படை வட்டியில ஓடுறது, ரெப்போவோட சேர்ந்து ஓடுறது 2019 அக்டோபருக்கு அப்புறம் வந்த லோனுங்கதான், நீங்க எழுதிக் குடுத்து மாத்திருக்கணும், இதுக்கு லெட்டர் போட்டா பேப்பர்தான் வேஸ்ட்டு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. ஆனா அதே மச்சானுக்கு, ஃப்ளோட்டிங் லோனை (வட்டி ஏறி எறங்குற லோன்) முன்கூட்டி அடைச்சதுக்கு ஃபோர்குளோஷர் சார்ஜ் புடிச்சிருந்ததைக் கண்டுபுடிச்சுக் குடுத்தாரு, தனி ஆளு வீட்டுக் கடனுக்கு பேங்க் அதை வாங்கக் கூடாதுன்னு 2012லயே வந்துருச்சே.

கொறையும் இருக்கு. கணக்கு ஷீட்டு கையெழுத்துல, கோழி கிறுக்குன மாதிரி, நாம ஒரு தடவ டைப் பண்ணிக்கணும். பேங்குக்குக் கூட வரமாட்டாரு, லெட்டர் எழுதித் தர்றதோட சரி. பிராஞ்சுல 30 நாளைக்குள்ள பதில் இல்லைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் சைட்டுல நாமளே புகார் போடணும், அதுக்குக் காசு கிடையாது, எவனாச்சும் கேட்டா குடுத்துறாதீங்க.

எனக்கு க்ளோஷர் மாச வட்டி அக்கவுண்ட்ல வந்துருச்சு. செக் தேதி மேட்டருக்கு பிராஞ்சுல இங்குட்டு அங்குட்டு அலைய விட்டாய்ங்க, இப்ப ஆம்புட்ஸ்மேன்கிட்ட நிக்குது. அஞ்சுக்கு நாலு ஸ்டார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போகாதீங்க, பூட்டிருப்பாரு.