பாக்கி வைத்துப் போனவர்கள்: லெப்ரான், டியூரன்ட், லெனார்ட், லில்லார்ட்

கிளீவ்லாந்து கவாலியர்ஸ் கூடைப்பந்து அணியை விட்டு லெப்ரான் ஜேம்ஸ் இரண்டு முறை கிளம்பினார். 2010இல் கிளம்பியபோது அவர் பெயர் போட்ட ஜெர்சியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த டிசம்பரில் மயாமி ஹீட் அணியோடு ஆட வந்தபோது, அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கமே ஊளையிட்டது. 2018இல் மறுபடி கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குப் போனார். நவம்பரில் அதே அரங்கத்துக்கு வந்தார். இந்தத் தடவை எழுந்து நின்று கைதட்டினார்கள். நன்றி சொல்லி ஒரு வீடியோவும் ஓட்டினார்கள்.

ஆள் அதே ஆள், ஊர் அதே ஊர், செய்த காரியமும் அதேதான்: ஒப்பந்தம் முடிந்தது, வேறு அணிக்குப் போனார். ரசிகர்களைக் கேட்டால் 'விசுவாசம்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. விசுவாசம்தான் அளவுகோல் என்றால் இரண்டாவது தடவையும் ஜெர்சி எரிந்திருக்க வேண்டுமே. அவர்கள் பார்ப்பது வட்டிக்கடைக்காரர் பார்க்கிற கணக்கு என்று எனக்குப் படுகிறது. போகிறவர் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகிறாரா? தீர்க்கவில்லை என்றால், அந்தப் பணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்?

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் ஆட்டக்காரர் தன் முதல் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. டிராஃப்ட் என்ற புதுமுகத் தேர்வில் அணிகள்தான் அவரைத் தேர்ந்தெடுக்கின்றன, அதிலும் மோசமாக ஆடிய அணிகளுக்கே முன்னுரிமை. புதுமுக ஒப்பந்தம், அதன் நீட்டிப்பு எல்லாம் முடிந்து, 'சரி, எங்கே போகலாம்' என்று ஒரு நட்சத்திரம் தானே யோசிக்கும் நாள் வருவதற்குள் ஏழெட்டு வருஷம் ஓடிவிடும். 2010இல் லெப்ரானுக்கு 25 வயது, 2016இல் கெவின் டியூரன்டுக்கு 27. இந்த உரிமையும் சும்மா வந்ததில்லை. ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது அதற்கப்புறம்தான்.

லெப்ரான் 2010, டியூரன்ட் 2016

எல்லா விவாதமும் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டிலும்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்றே பார்க்கலாம்.

லெப்ரான் தன் முடிவைச் சொன்ன விதம் அபத்தம். 2010 ஜூலை 8 அன்று இஎஸ்பிஎன் டிவியில் 'தி டிசிஷன்' என்று ஒரு தனி நிகழ்ச்சி. 'மயாமி' என்ற ஒரு சொல்லுக்காக ஊரையே டிவி முன்னால் காக்க வைத்தார்கள். அதில் வந்த சுமார் 25 லட்சம் டாலர் சிறுவர் நல அமைப்புகளுக்குப் போனது. அது இன்று யாருக்கும் நினைவில்லை. கிளீவ்லாந்து முதலாளி டான் கில்பர்ட் அன்று இரவே கொதித்துப் போய் ஒரு கடிதம் வெளியிட்டார். லெப்ரானுக்கு முன்னால் நாங்கள் பட்டம் வெல்வோம் என்று அதில் சவால் வேறு. என்பிஏ அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. மறுநாள் மயாமியில் புகையும் வெளிச்சமுமாக ஒரு வரவேற்பு. எத்தனை பட்டம் என்று எண்ணிக்கொண்டே போய் ஏழையும் தாண்டினார் லெப்ரான். நாலு வருஷத்தில் கிடைத்தது இரண்டு. முதல் வருஷமே டாலஸிடம் தோற்றதை மயாமி தவிர நாடே கொண்டாடியது என்று சொன்னால் மிகையில்லை.

டியூரன்ட் அப்படி எதுவும் செய்யவில்லை. 2016 ஜூலை 4 அன்று ஒரு இணையதளத்தில் சின்னதாக, மரியாதையாக ஒரு குறிப்பு எழுதினார்: ஓக்லஹோமா சிட்டி தண்டரை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போகிறேன். மேடை இல்லை, புகை இல்லை. ஆனால் அந்தக் கசப்பு இன்றுவரை முழுதாகப் போகவில்லை. சொல்லும் விதம்தான் குற்றம் என்றால் டியூரன்ட் தப்பித்திருக்க வேண்டும்.

தப்பாததற்குக் காரணம் அவர் போய்ச் சேர்ந்த இடம். ஐந்து வாரத்துக்கு முன்புதான் மேற்குப் பிரிவு இறுதியில் வாரியர்ஸை 3-1 என்று மடக்கி வைத்திருந்தது தண்டர். அடுத்த மூன்று ஆட்டத்தையும் தோற்றது. அந்த வாரியர்ஸ் லீக் சுற்றில் 73 வெற்றி, 9 தோல்வி என்று என்பிஏ சாதனை படைத்த அணி. தன்னைத் தோற்கடித்தவர்கள், ஏற்கெனவே எல்லாரையும் தோற்கடிப்பவர்கள், அவர்களிடமே போய்ச் சேர்ந்தார். 2010இல் லெப்ரானைப் பிளேஆஃப்பில், அதாவது லீக் சுற்றுக்குப் பின் வரும் நாக்அவுட் கட்டத்தில், வீழ்த்தியது பாஸ்டன். அவர் பாஸ்டனுக்குப் போயிருந்தால்தான் இரண்டும் ஒன்று. மயாமி அந்த வருஷம் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணி. அங்கே டிவைன் வேட் இருந்தார், டொராண்டோவிலிருந்து கிறிஸ் பாஷ் வந்தார். கூட்டணியோ கூட்டுச்சதியோ, எப்படியும் புதிதாகக் கட்டிய வீடு அது. டியூரன்ட் போனது கிரகப்பிரவேசம் முடிந்து, விருந்தும் முடிந்த வீட்டுக்கு.

தண்டரில் கூட ஆடிய ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் அன்றைக்கே கப்கேக் படம் ஒன்றை இணையத்தில் போட்டார். அங்கே கப்கேக் என்றால் தைரியமில்லாத மென்மையான ஆள். 2017 பிப்ரவரியில் டியூரன்ட் ஓக்லஹோமாவுக்கு ஆட வந்தபோது கூட்டம் முழுக்க அந்தச் சொல்தான்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. நட்சத்திரம் நிறைந்த அணிக்கு இன்னொரு நட்சத்திரத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? புதிய டிவி ஒப்பந்தத்தால் அந்த ஒரே கோடையில் அணிகளின் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலருக்குத் தாவியது. உயர்வைப் பல வருஷத்துக்குப் பிரித்துக் கொள்ளலாம் என்று என்பிஏ சொன்னதை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை. அது போக, கணுக்கால் காயத்தால் திண்டாடிய 2012இல் வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி நாலு வருஷத்துக்கு 4.4 கோடி டாலர் என்று குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒருவரின் கணுக்காலும் ஒரு டிவி ஒப்பந்தமும் சேர்ந்து திறந்துவிட்ட கதவு அது. திறந்திருந்த கதவில் நுழைந்தவர் மேல்தான் பழி எல்லாம்.

ஆட்டக் கணக்கில் பார்த்தால் டியூரன்டின் முடிவுதான் மிகச் சரியானது என்பேன். 2017 பிளேஆஃப்பில் வாரியர்ஸ் 16 வென்று ஒன்றில்தான் தோற்றது. 2017, 2018 இரண்டிலும் பட்டம், இரண்டிலும் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. ஆனால் கதை செத்துப்போனது. இந்திய நேரப்படி விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து ஃபைனல்ஸ் பார்க்கிற எனக்கே, 2018இல் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம் என்று தோன்றியது. கிளீவ்லாந்து 4-0 என்று தோற்றது.

இதற்குள் லெப்ரான் கணக்கை முடித்துவிட்டார். 2014இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் மூலம் 'வீட்டுக்கு வருகிறேன்' என்றார். பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்தவர் என்பதால் அந்தச் சொல் எடுபட்டது. வசைக்கடிதம் எழுதிய அதே முதலாளியிடம்தான் திரும்பினார், அதுவும் கவனிக்க வேண்டியது. 2016 ஃபைனல்ஸில் அந்த 73 வெற்றி வாரியர்ஸுக்கு எதிராக 3-1 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தில் பட்டம். 1964க்குப் பிறகு கிளீவ்லாந்தின் எந்தப் பெரிய விளையாட்டு அணியும் வெல்லாத பட்டம். 52 வருஷப் பாக்கி அடைந்தது. இனி அவர் எங்கே போனால் என்ன?

டியூரன்டுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. புரூக்லின், ஃபீனிக்ஸ், இப்போது ஹூஸ்டன் என்று போய்க்கொண்டே இருக்கிறார், கரி இல்லாமல் ஒரு பட்டமும் வரவில்லை. 2021இல் மில்வாக்கிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கடைசி நொடியில் போட்ட ஷாட், கால் நுனி கோட்டில் பட்டதால் மூன்றுக்குப் பதில் இரண்டு புள்ளியானது. ஒரு கட்டைவிரல் அகலம் பின்னால் நின்றிருந்தால் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம். பழைய நட்சத்திரம் சார்ல்ஸ் பார்க்லி, டியூரன்ட் பஸ்ஸை ஓட்டியவர் இல்லை, பஸ்ஸில் ஏறிப் போனவர் என்று கிண்டலடிப்பார். 1996இல் பட்டத்துக்காக ஹூஸ்டனுக்குப் போய் ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் இருந்த பஸ்ஸில் ஏறியவர் பார்க்லி. அந்த பஸ் ஊர் போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

'எங்கள் காலத்தில் இப்படி இல்லை' என்பதும் முழு உண்மையல்ல. கரீம் அப்துல் ஜப்பார் 1975இல் தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி மில்வாக்கியிடம் தானே கேட்டுத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1968இல் வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட்டும் எல்ஜின் பெய்லரும் ஏற்கெனவே இருந்த லேக்கர்ஸில் போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்று. டியூரன்டை 2007இல் டிராஃப்ட்டில் எடுத்தது ஓக்லஹோமா அல்ல, சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். 41 சீசன் அந்த ஊரில் ஆடிய அணியை 2008இல் முதலாளிகள் மூட்டை கட்டி ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்ப் பெயரை மாற்றினார்கள். விட்டுப் போனார் என்று டியூரன்டைத் திட்டும் அணியே ஓர் ஊரை விட்டு வந்த அணிதான். சியாட்டில்காரர்கள் எந்த ஜெர்சியைக் கொளுத்துவது?

ஒரே வருஷத்தில் கணக்கு முடித்தவர்

காவாய் லெனார்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அவரே பேச மாட்டார். 2018இல் சான் அன்டோனியோவிலிருந்து டொராண்டோ ராப்டர்ஸுக்கு டிரேடில், அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில், வந்தார். ஒரே சீசன் ஆடி, 2019இல் டொராண்டோவுக்கு முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குக் கிளம்பிவிட்டார். டிசம்பரில் எதிரணி ஆளாகத் திரும்பியபோது டொராண்டோ எழுந்து நின்று கைதட்டிப் பட்ட மோதிரத்தைக் கொடுத்தது.

அவருக்காக டொராண்டோ யாரை அனுப்பியது? டெமார் டிரோசனை. ஒன்பது சீசன் ஆடியவர், ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று நின்றவர். 'விசுவாசம்' பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விசுவாசிக்கு டிரேட், ஒரு வருஷ விருந்தாளிக்கு மோதிரம். டொராண்டோ ரசிகர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. நானாக இருந்தாலும் கைதட்டியிருப்பேன்.

கிளிப்பர்ஸுக்கு அவர் கிளம்பிய கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வர வேண்டும் என்பதற்காக கிளிப்பர்ஸ் தண்டரிடமிருந்து பால் ஜார்ஜை வாங்கி, பதிலுக்கு ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டரையும் ஏகப்பட்ட டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்தது. 2025இல் அந்த ஷே தலைமையில் தண்டர் பட்டம் வென்றது. டியூரன்டால் வராதது, லெனார்ட் எடுத்த ஒரு முடிவின் தயவில் வந்து சேர்ந்தது.

இருந்தவர்கள்

போகாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். அதற்கு டிர்க் நோவிட்ஸ்கியைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். டாலஸில் 21 சீசன், ஒரு பட்டம். அந்த ஒன்று 2011இல் லெப்ரானின் மயாமியை வென்றது என்பதால் பத்துக்குச் சமம். அரங்க வாசலில் சிலையே இருக்கிறது.

டேமியன் லில்லார்டுக்கு அந்த ஒன்று வரவில்லை. போர்ட்லாந்தில் 11 சீசன். 2014இல் ஹூஸ்டனையும், 2019இல் ஓக்லஹோமாவையும் கடைசி நொடி ஷாட்டில் வீட்டுக்கு அனுப்பியவர். இரண்டாவது ஷாட்டை 37 அடி தூரத்திலிருந்து போட்டார். பட்டத்துக்காக ஓடுவதைவிட இங்கேயே இருந்து தோற்பது மேல் என்று வருஷக்கணக்கில் சொல்லிவந்தார். ரசிகர்கள் அதற்காகவே அவரைக் கொண்டாடினார்கள், அதற்காகவே 'பட்டமில்லாதவர்' என்றும் எழுதினார்கள். 2023இல் பொறுமை தீர்ந்து டிரேட் கேட்டார். மயாமிக்கு அனுப்புங்கள் என்றார், மில்வாக்கிக்கு அனுப்பினார்கள். இங்கே ஊருக்குப் பாக்கி வைத்தது யார், லில்லார்டா, அவருக்குத் தோதாக ஓர் அணியைக் கடைசிவரை கட்டாத நிர்வாகமா? போர்ட்லாந்து ரசிகர்கள் அவரைப் பெரிதாகக் கோபிக்கவில்லை என்பதிலேயே பதில் இருக்கிறது.

நிர்வாகத்தின் கணக்கை ரசிகர்கள் கடைசியாக உரக்கக் கேட்டது டாலஸில். 2025 பிப்ரவரியில், அணியை முந்தைய வருஷம்தான் ஃபைனல்ஸுக்குக் கொண்டுபோன 25 வயது லூகா டான்சிச்சை ராத்திரியோடு ராத்திரியாக லேக்கர்ஸுக்கு டிரேட் செய்தார்கள். அவர் போக நினைத்ததே இல்லை. ரசிகர்கள் டிர்க் சிலைக்குப் பக்கத்தில் சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏப்ரலில் லூகா எதிரணியாக வந்து, அவருக்காகப் போட்ட வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டு, 45 புள்ளி அடித்தார். டிரேடைச் செய்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் நவம்பரில் வேலையிழந்தார். விட்டுப் போனதாக ஆட்டக்காரரைத் திட்ட முடியாத சமயத்தில்தான் கோபம் சரியான விலாசத்துக்குப் போகிறது போலிருக்கிறது.

அதே 2025 ஏப்ரலில் மில்வாக்கிக்காக ஆடும்போது லில்லார்டின் குதிகால் நாண் அறுந்தது. மில்வாக்கி அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. ஜூலையில், 35 வயதில், ஒரு சீசன் ஆட முடியாத காலோடு போர்ட்லாந்துக்கே திரும்பினார். மூன்று வருஷம், 4.2 கோடி டாலர். கூடவே ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்: அவர் சம்மதம் இல்லாமல் இனி அவரை எங்கேயும் டிரேட் செய்யக் கூடாது.