தேய்ந்த ஆர்கன் கட்டைகள்: இடம் மாற்றுவதா, வார்ப்பதா, பிரிண்ட் போடுவதா?

பெங்களூரு காக்ஸ் டவுனில் பெரியப்பா வீட்டு ஹாலில் இருப்பது ஹாமண்ட் எல்-100 என்ற பழைய மின்சார ஆர்கன். 1961 முதல் 1972 வரை வந்த மாடல், இரண்டு வரிசை, வரிசைக்கு 44 கட்டை. ஞாயிறு தவறாமல் கீர்த்தனை வாசித்தே மேல் வரிசையின் நடுப்பகுதியைத் தேய்த்துவிட்டார். ஈ (E) ஸ்வரக் கட்டையின் நுனி உடைந்து, கையை வேகமாக இழுத்தால் தோலைச் சீவுகிறது. ஜி, ஏ இரண்டிலும் விரல் பதியும் அளவுக்குக் குழி. சி, டி ஓரங்கள் சில்லு சில்லாகப் போய்விட்டன. மொத்தம் ஐந்தே கட்டைதான், அதற்கு நான் நாலு மாதம் அலைந்தேன்.

முதலில் ஒன்று. கட்டை சத்தம் போடவில்லை என்பதற்காகக் கட்டையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் பல காண்டாக்ட் கம்பிகள் (கட்டையை அமுக்கினால் தொட்டு மின்சாரம் கடத்துபவை) இருக்கின்றன, பெரிய பி-3 மாடலில் கட்டைக்கு 9. ஒரு டிராபார் (நாதத்தை மாற்ற இழுக்கும் பட்டை) இழுத்தால் கேட்கிறது, இன்னொன்று இழுத்தால் கேட்கவில்லை என்றால் அது அழுக்கு, தேய்மானம் இல்லை. அதற்கு எஸ்.பி. ரோட்டில் காண்டாக்ட் கிளீனர் வாங்குங்கள், கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

சரி, கட்டைக்கு வருவோம். குழியும் கீறலும் ஆழமில்லை என்றால் பாலிஷே போதும். 400, 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரை ஈரத்தோடு தேய்த்து, ஜே.சி. ரோட்டில் கார் பெயின்ட்டுக்கு விற்கிற ரப்பிங் காம்பவுண்டால் முடித்தால் பளபளவென்று வந்துவிடும். ஆனால் உடைந்த நுனி வளராது. எபாக்ஸி வைத்துக் கட்டினேன். எல்-100 கட்டைகளின் நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்பதால் விரல் அங்கேதான் இடிக்கும், மூன்றாவது ஞாயிறே பெயர்ந்து வந்துவிட்டது.

இன்னொரு பழைய ஆர்கன் வாங்கிக் கட்டையை மட்டும் கழற்றிக்கொள்வது, கேட்கும்போது இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றும். வடிவம் அச்சுப் பிசகாது, பிளாஸ்டிக்கும் அதே. ஆனால் வெயிலில் நின்ற ஆர்கன் ஒரு மஞ்சள், நிழலில் நின்றது வேறு மஞ்சள், பக்கத்தில் வைத்தால் பல் கட்டியது மாதிரி தெரியும். அமெரிக்காவிலிருந்து முழு ஆர்கனையே இறக்கி வாசித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. இந்த வகை ஆர்கனின் மோட்டார் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் சுற்றும், அதனால் இங்கே செருகினால் 6 கட்டைச் சுருதியை (ஏ) அமுக்க நாலரைக் கட்டைச் சுருதிக்கும் (எஃப் ஷார்ப்) கொஞ்சம் கீழே விழும். கட்டைகளை மட்டும் கழற்றி வாங்கலாம், அதற்கு அனுப்பும் செலவையும் பொறுமையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

3டி பிரிண்ட் பற்றி எனக்குத்தான் பெரிய ஆசை இருந்தது. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் மெஷினில் ஒரு ஈ கட்டை போட்டு வாங்கினேன். அளவு சரி, உட்கார்ந்தது. பெரியப்பா அதன்மேல் ஒருமுறை விரலை இழுத்துவிட்டு, "டேய், இது கட்டையா, தேங்காய்த் துருவியா?" என்றார். அடுக்கு வரிகளைத் தேய்த்து எடுக்கலாம்தான், ஆனால் தேய்க்கத் தேய்க்க மூலைகள் உருண்டுபோகின்றன, பெயின்ட் அடித்தால் அது விரல் பட்டே உரிகிறது. ரெசின் (இறுகிப்போகும் திரவ பிளாஸ்டிக்) பிரிண்ட் வழவழப்பாக வந்தது, ஆனால் மெல்லிய நுனி கண்ணாடி மாதிரி; ஒரு தடவை கை தவறிக் கீழே விழுந்ததும் விண்டுவிட்டது. ஓரத்தில் யாரும் தொடாத கறுப்புக் கட்டை ஒன்று காணாமல் போயிருந்தால் பிரிண்ட் போடலாம். நடு ஆக்டேவுக்கு வேண்டாம்.

வார்ப்பு இதைவிட எவ்வளவோ மேல். நல்ல கட்டை ஒன்றைச் சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, பாலியூரிதேன் ரெசின் ஊற்ற வேண்டும். மூலையும் நுனியும் அப்படியே வரும், நிறமியைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழைய மஞ்சளைக்கூடப் பிடித்துவிடலாம். தொல்லை என்னவென்றால் காற்றுக்குமிழி; எனக்கு முதல் நாலு வார்ப்பும் நுனியில் ஓட்டையோடு வந்தன, அச்சைச் சாய்த்து வைத்து ஊற்றிய பிறகுதான் ஐந்தாவது தேறியது.

ஆனால் கடைசியில் நாங்கள் செய்தது இவை எதுவும் இல்லை, காசே ஆகாத வேலை. வெள்ளைக் கட்டைகள் எல்லாம் ஒரே வடிவம் இல்லை. கறுப்புக் கட்டைக்கு இடம் விடும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு, ஆக ஏழு வடிவம். ஈ இருந்த இடத்தில் ஈ மட்டும்தான் உட்காரும். எல்-100-இன் வரிசை எஃப்-இல் தொடங்குகிறது, அதாவது மேல் வரிசையின் இடது ஓரத்து முதல் ஏழு வெள்ளைகளிலேயே ஏழு வடிவமும் வந்துவிடுகின்றன. வலது கை அந்தப் பக்கம் போவதே அபூர்வம் என்பதால் அவை புதுசு மாதிரியே இருந்தன. அங்கிருந்து ஐந்தை எடுத்து நடுவில் போட்டு, தேய்ந்ததை ஓரத்துக்குத் தள்ளினோம். அதே ஆர்கன், அதே வயசு, அதே மஞ்சள். வலது கோடியில் இருக்கும் சி-யை மட்டும் எடுக்காதீர்கள், அதற்கு அப்பால் கட்டை இல்லாததால் அதில் வெட்டு கிடையாது, வேறெங்கும் பொருந்தாது. கழற்றும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போடுங்கள்.

முழு கீபோர்டையே மாற்றி இத்தாலியின் ஃபாதார் கம்பெனியின் புது வரிசையைப் பொருத்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பொருத்தலாம், ஆனால் உள்ளே இருக்கும் அத்தனை காண்டாக்டையும் தூக்கி எறிந்துவிட்டு மிடிக்கு (அமுக்கிய கட்டையை டிஜிட்டல் சிக்னலாக அனுப்பும் முறை) போக வேண்டும். அப்புறம் அது பழைய பெட்டிக்குள் புது கீபோர்டு, அவ்வளவுதான்.

தேறிய அந்த ஐந்தாவது வார்ப்பு ஈ இப்போது இடது ஓரத்தில், உடைந்த ஈ-க்குப் பதிலாக இருக்கிறது. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கை இதுவரை அந்தப் பக்கம் போகவும் இல்லை.