கேடிஸ் ஃப்ளைக்கு எந்த இறக்கை: எல்க் மயிரா, சி.டி.சி. இறகா?

மீனை ஏமாற்ற, மயிர், இறகு போன்றவற்றைத் தூண்டில் முள்ளில் நூலால் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிதான் ஃப்ளை. நீரோரம் பறக்கும் கேடிஸ் பூச்சி உட்காரும்போது இறக்கைகளைக் கூரை மாதிரி முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். அந்த வடிவத்தைத் தூண்டில் முள்ளில் கொண்டுவர இரண்டு பொருள்கள் நன்றாக உதவும்.

ஒன்று எல்க் மான் மயிர். அமெரிக்காவின் ஆல் டிராத் 1957-இல் உருவாக்கிய ஃப்ளையால் பிரபலமானது. மயிருக்குள் காற்று இருப்பதால் துள்ளி ஓடும் நீரிலும் மிதக்கும். கட்டுவதுதான் கொஞ்சம் படுத்தும். அடியிலுள்ள பஞ்சு ரோமத்தைச் சீவி எடுத்து, ஸ்டேக்கர் எனும் சிறு குழாயில் போட்டுத் தட்டி நுனிகளைச் சமமாக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, அப்புறம் நூலை நேராக இழுத்து இறுக்குங்கள். அந்த நேரத்தில் விரல்பிடியை விட்டால் மயிர் மொத்தமும் முள்ளைச் சுற்றித் திரும்பிவிடும்.

சி.டி.சி. என்பது வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் மெல்லிறகு. இரண்டு மூன்றை அடுக்கிக் கட்டினால் இறக்கை தயார். மூச்சுக் காற்றுக்கே அசையும். டிரவுட் மீன் நிதானமாகப் பார்த்துக் கடிக்கும் அமைதியான நீரில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு மீன் சிக்கியதும் வழவழப்பு ஒட்டி மூழ்கும். அலசி, துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். வழக்கமான மிதவைக் களிம்பைத் தடவாதீர்கள், இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு எல்க் மயிரைத்தான் சொல்வேன். நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பது அதில்தான் கைக்குப் பிடிபடும். 14-ஆம் எண் முள்ளில் தொடங்குங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 18-ஐத் தாண்டினால் மயிர் முரடாகத் தெரியும், அங்கே சி.டி.சி.தான் சரி.