போனுக்கு சிக்னல் தடுக்க அலுமினியம் ஃபாயிலா, எவர்சில்வர் டப்பாவா?

கெட்டியா இருக்கறதால டப்பாதான் ஜெயிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா போனை எவர்சில்வர் டப்பால போட்டு மூடிட்டு இன்னொரு போன்ல இருந்து கூப்பிட்டு பாருங்க, பல சமயம் உள்ள ரிங் அடிக்கும். தகடு மேல தப்பே இல்ல, மூடி உக்கார்ற இடத்துல சுத்தி ஒரு மெல்லிசு இடுக்கு இருக்கு பாருங்க, அதான் வழி. இடுக்கோட அகலத்தை விட நீளம்தான் முக்கியம், போன் சிக்னல்ல வர்ற 900 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 33 செ.மீ., அதுல பாதி அளவுக்கு இடுக்கு ஓடுச்சுன்னா அதுவே ஆன்டெனா மாதிரி வேலை செய்யும்.

ஃபாயில் தடிமன் சுமார் 10 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). ஆனா இந்த அலை அலுமினியத்துல 3 மைக்ரான் போறதுக்குள்ளயே மூணுல ஒரு பங்கா இறங்கிடும், அதுக்கு முன்னாடியே பெரும்பகுதி மேற்பரப்புல பட்டு திரும்பிடுது, அதனால இந்த தடிமனே தாராளம். ரெண்டு சுத்து சுத்தி ஓரத்தை சேர்த்து மடிச்சு நகத்தால அழுத்தி விட்டா உள்ள இருக்கற போனுக்கு ரிங் போகாது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, வெளி மின்சாரம் உள்ள வராம தடுக்கறதை காட்ட 1836ல கட்டின ரூமுக்கும் உலோக ஃபாயில்தான் ஒட்டினாரு.

ஃபாயில் சீக்கிரம் கிழியும், அது உண்மை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஓடற டிரான்ஸ்பார்மரோட காந்தப்புலத்தை தடுக்க ரெண்டுமே ஆகாது. டப்பாவேதான் வேணும்னா மூடி விளிம்பு முழுக்க ஃபாயிலை மடிச்சு வச்சு இறுக்கி மூடுங்க, உலோகமும் உலோகமும் நல்லா ஒட்டணும், நடுவுல ரப்பர் வாஷர் இருந்தா கழட்டிடுங்க.