புட்டியை மாற்றும் முன் மூச்சைக் கவனியுங்கள்

பால் கொடுத்த இரண்டாவது நிமிடமே குழந்தை திணறி வாயை எடுத்துவிடுகிறது. மூக்கு வழியே பால் வருகிறது, எடை ஏறவில்லை. வீட்டில் உடனே நிப்பிளை மாற்றுவார்கள், புட்டியை மாற்றுவார்கள். பியேர் ராபின் குறைபாட்டில் கோளாறு அங்கே இல்லை. 1923-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. கீழ்த்தாடை சிறுத்திருப்பதால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. பல குழந்தைகளுக்கு அண்ணமும் பிளந்திருக்கும். மூச்சுக்கே போராடும் பிள்ளை எப்படி உறிஞ்சி விழுங்கும்?

முதலில் குப்புறப் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். நாக்கு தன் பாரத்திலேயே முன்னால் வரும். லேசான அடைப்புக்குப் பெரும்பாலும் இது போதும். ஆனால் குப்புறத் தூங்கும் கைக்குழந்தைக்குத் திடீர் மரண அபாயம் உண்டு. அதனால் மருத்துவர் சொன்னால் மட்டும், அதுவும் ஆக்சிஜன் மானிட்டர் மாட்டித்தான்.

அதில் சரியாகவில்லையா? மூக்கு வழியாக நாக்கின் அடி வரை போகும் மெல்லிய குழாய் இருக்கிறது. சளி அடைக்கும், உறிஞ்சி எடுக்க அம்மா அப்பா பழகிக்கொண்டால் வீட்டுக்கே போகலாம். தாடை வளரும் வரை காலம் வாங்கித் தரும் இந்த வழியை, கத்தியைத் தொடும் முன் முயன்றே ஆக வேண்டும் என்பேன்.

தாடை நீட்டும் அறுவையில் எலும்பை இருபுறமும் வெட்டி, கருவி பொருத்தி, நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் திருகி நகர்த்துவார்கள். பலன் பெரிது. பல் முளைகளும் முக நரம்பும் பாதிக்கப்படலாம் என்பதும் உண்மை. அடைப்பு நாக்கின் அடியில்தான் என்று உள்நோக்கிக் கருவியால் உறுதி செய்த பிறகே இதற்குப் போகவேண்டும். அடைப்பு அதற்கும் கீழே என்றால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் நிச்சயமான வழி. வீட்டில் இரவும் பகலும் ஒருவர் கண்விழிக்க வேண்டியிருக்கும்.

மூச்சு சீரானபின் பால். பிளந்த அண்ணத்தால் உறிஞ்ச முடியாது. அழுத்திப் பீய்ச்சும் மென்புட்டியோ நம் பாலாடையோ வேண்டும். பாலாடை மலிவு, கழுவுவது சுலபம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சில துளி சாய்த்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். கொஞ்சமாவது தானே சப்பும் பிள்ளைக்குப் புட்டி மேல். அரை மணிக்கு மேல் இழுத்தால் குடித்த சக்தி குடிப்பதிலேயே போய்விடும்; மீதியை மூக்குக் குழாய் வழியே கொடுங்கள். அதைத் தோல்வியாக நினைத்து அழும் அம்மாக்கள் பலர். அழ வேண்டாம் அம்மா, குழாயில் பால் இறங்கும்போது வாயில் ஒரு சூப்பானைக் கொடுங்கள், சப்பும் பழக்கம் விடாமல் இருக்கும்.